நன்றியுரைக்குப் பிறகு சொன்னது

அன்புள்ள மகனுக்கு,

இன்று காலை பத்தேகாலுக்கு, ரஹாங்கில் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், நீ அனுப்பிய நிகழ்ச்சி நிரலின் ஒன்பதாம் வரியை வெட்டியெடுத்து இரண்டாம் வரிக்குக் கீழே ஒட்டுவது என்று நான் முடிவெடுத்தேன். அதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கத்தரிக்கோல், பசை, சிவப்புப் பேனா மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை உறுதிசெய்துகொண்டேன். உன் அப்பாவுக்கு முறைப்படி அறிவித்தேன். அவர் நாளிதழை இறக்காமலேயே, "சாப்பாடு எத்தனாவது வரியில இருக்கு?" என்று கேட்டார். பதினோராவது வரி என்றேன். "அத மட்டும் நகத்தாத," என்றார். வேறு ஆட்சேபணை இல்லாததால் முடிவு அப்போதே நடைமுறைக்கு வந்தது.

நீ கேட்டது இதுவல்ல என்று எனக்குத் தெரியும். தமிழில் பிழை இருந்தால் மட்டும் திருத்தி அனுப்பச் சொல்லியிருந்தாய். பிழைகள் நான்கு இருந்தன, திருத்திவிட்டேன். பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளைக்கு நான்கு அதிகம்தான், ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது அல்ல. லாபுவுக்கு அப்பால் மிச்சமிருக்கும் அந்தப் பாயாவைப் பற்றி நீ ஒரு கூட்டம் கூட்டுகிறாய். (சதுப்பு நிலம் என்று நீ அச்சடித்திருப்பதைத் தோட்டத்தில் நாம் மலாய்க்காரர்களைப் பார்த்துப் பாயா என்றுதான் சொல்லி வந்தோம், நான் அப்படியே சொல்கிறேன்.) அதை ஆராய்ந்தவர்கள், அதைக் காக்க வேண்டிய அதிகாரிகள், அதன் கரையில் குடியிருக்கும் தோட்டத்து மக்கள், அக்கரைக் கம்பத்துக் கிராமவாசிகளான மலாய்க்காரர்கள், எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, அவரவருக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லவைக்கப் போகிறாய். நல்ல காரியம். அந்த நல்ல காரியத்தில் எட்டாவது வரி நன்றியுரை. ஒன்பதாவது வரி, 'பொதுமக்கள் கருத்து (நேரம் இருப்பின்)'. இதே வரிசையில் ஒரு கூட்டம் இருபது வருடங்களுக்கு முன்பு நடந்திருக்கிறது. நன்றியுரை சொன்னது நான்தான்.

நீ சதுப்பு நிலத்தைப் படிக்கப் போகிறேன் என்று அறிவித்த தீபாவளி உனக்கு நினைவிருக்கும். மம்பாவ் அத்தை முறுக்கைக் கடித்தபடி, "சேத்தப் படிக்கிறதுக்கு யுனிவர்சிட்டியாடா? ஒங்க தாத்தா நாப்பது வருசம் அதுலதான நின்னாரு. அவருக்கு எவன் பட்டம் குடுத்தான்?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சமையலறையில் வைத்து, மருந்தாளர் படிப்புக்கு இன்னும் விண்ணப்பிக்கலாமே என்று உன்னிடம் இரண்டு முறை சொன்னேன். நீ நல்ல வேலைக்குப் போக வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறாள் என்று நினைத்திருப்பாய். அந்த ஆசையும் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இன்னொரு முறை பாயாவைப் பற்றிப் பேச்சு வரக்கூடாது என்பதுதான் பெரிய காரணம். பெற்றோர் சொல்லும் காரணத்துக்கும் உண்மையான காரணத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கலாம் என்பதற்கு இதை ஒரு சான்றாக வைத்துக்கொள்.

அந்தப் பழைய கூட்டம் நடந்தபோது நீ முதலாம் வகுப்பு. லாபு பக்கத்தில் நாம் இருந்த தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை, உன் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர். மேட்டில் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஆபீசில் கணக்கெழுதும் கிராணிமார் வீடுகளும், சரிவில் தொழிலாளர் குடியிருக்கும் மூன்று லயங்கள், கடைசி லயத்துக்குக் கீழே பாயா. மூன்று லயத்துக்கும் இரண்டு கிணறுகள்தான் தண்ணீர். ரப்பர் பால்மரங்கள் கிழடாகிக்கொண்டிருந்தன. அவற்றை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை போடும் திட்டம் வந்தபோது, பாயாவின் நடுவே ஆழமாக வாய்க்கால் வெட்டி, தண்ணீரை வடித்து, அங்கேயும் செம்பனை நடலாம் என்று யாருக்கோ தோன்றியது. உன் அப்பா அதை முழு மனதோடு ஆதரித்தார். காய்ச்சல் என்று யார் வந்து நின்றாலும், நாடி பார்ப்பதற்கு முன்பே கொசுவையும் கொசு வழியாகப் பாயாவையும் குற்றவாளியாக்கிவிடுகிறவர் அவர். பல நேரம் அவர் சொன்னது சரியாகவும் இருந்தது. அதனால் அந்தத் திட்டத்தைக் கெட்டவர்கள் போட்ட திட்டம் என்று உன் கூட்டத்தில் யாராவது பேசினால் நம்பாதே. அதில் உன் அப்பாவும் இருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு விரிவுரையாளர் மாணவர்களோடு கோலாலம்பூரிலிருந்து வேனில் வந்து, ஒரு வாரம் பாயாவில் இறங்கி மண்ணும் செடியும் எடுத்துக்கொண்டு போனார். மலாய்க்காரர், மெலிந்த மனிதர், சேற்றில் ஒரு காலணியைத் தொலைத்துவிட்டு அதைப் பற்றி வருத்தமே படாதவர். போகும் முன் அவர் தோட்டத்தை நிர்வகித்த துரையைப் பார்த்து, நான் கண்டதை மக்களுக்குச் சொல்கிறேன், அவர்களுக்குத் தெரிந்ததை எனக்குச் சொல்லட்டும், ஒரு கூட்டம் போடுங்கள் என்று கேட்டார். துரை மறுக்கவில்லை. கூட்டம் போடுங்கள், தொழிலாளர்கள் என்ன சொல்கிறார்களோ அதைக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள், வாய்க்கால் திட்டத்தோடு சேர்த்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புகிறேன், அவர்கள் பார்த்து முடிவு செய்யட்டும் என்றார். சொன்னபடியே அனுப்பவும் செய்தார். ஆக, இரண்டு கிணற்றின் தலைவிதியும் ஒரு கூட்டக் குறிப்பில் இருந்தது. அந்தத் தோட்டத்தில் எந்தச் சங்கம் தொடங்கினாலும், கையெழுத்து நன்றாக இருந்த ஒரே குற்றத்துக்காக, அதன் செயலாளர் நான்தான்.

அந்த ஒரு கூட்டத்துக்காக நாங்கள் மூன்று கூட்டங்கள் போட்டோம். முதல் கூட்டத்தில் மாலைகளின் எண்ணிக்கை தீர்மானிக்கப்பட்டது. இரண்டாவதில், பொன்னாடை முதலில் விரிவுரையாளருக்கா, தலைமை தாங்கும் பெரிய கிராணிக்கா என்ற சிக்கல் எழுந்து, இருவருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் போர்த்துவது என்று தீர்ந்தது. மூன்றாவதில் நேரம். சனிக்கிழமை மாலை நான்கு மணி. அது பெரிய கிராணியின் மதியத் தூக்கத்துக்கும் மாலைப் பூப்பந்துக்கும் நடுவில் கிடைத்த இடைவெளி. அந்த நேரத்தில் களையெடுக்கவும் மருந்தடிக்கவும் போகும் வெளிக்காட்டு வேலைப் பெண்கள் அப்போதுதான் திரும்பி, குளித்து, உலை வைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல. எங்கள் வீட்டில் துணி துவைக்க வந்தவளே வெளிக்காட்டு வேலைக்காரிதான். கேட்டிருந்தால் நான் மணிக்கணக்கோடு சொல்லியிருப்பேன். நீ மக்களைக் கூட்டுவதாக இருந்தால், மண்டபம் எப்போது காலி என்பதை விட்டுவிட்டு அடுப்பு எப்போது காலி என்று முதலில் விசாரி.

கூட்டம் சிறப்பாக நடந்தது, சிறப்பு என்பது எதுவும் தவறிப்போகாமல் இருப்பது என்றால். கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை இரண்டு. பொன்னாடைகள் ஒரே நொடியில் விழுந்தன. விரிவுரையாளர் மலாயில் நாற்பது நிமிடம் பேசினார். மழை பெய்யும்போது பாயா தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது, வெயில் காலத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றியுள்ள மண்ணுக்கு விடுகிறது, மேலே நாம் காண்பது பாதிதான், மீதி மண்ணுக்கடியில் நடந்துபோய்க்கொண்டிருக்கிறது என்றெல்லாம் அழகாகச் சொன்னார். மொழிபெயர்க்கும் பொறுப்பு பெரிய கிராணிக்கு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஐயா என்னா சொல்றாருன்னா, இந்த எடம் ரொம்ப ஈரமான எடம்," என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "இத சொல்றதுக்கா அம்மாந்தொலவு வேன் புடிச்சி வந்தாரு?" என்றது. கைதட்டினார்கள். விரிவுரையாளர் அந்தக் கைதட்டல் தனக்கென்று நினைத்து வணங்கினார்.

பிறகு நான் எழுந்து நன்றியுரை சொன்னேன். நாற்காலி கொடுத்தவருக்கு, ஒலிபெருக்கி கொடுத்தவருக்கு, அந்த ஒலிபெருக்கிக்கு மின்சாரம் கொடுத்த மில்லுக்கு, தேநீர் போட்டவருக்கு, தேநீருக்குப் பால் கொடுத்த மாட்டுக்காரருக்கு. மாட்டைத் தவிர எல்லாருக்கும் நன்றி சொல்லி, இத்துடன் கூட்டம் இனிதே நிறைவடைகிறது என்று நான் காகிதத்தை மடித்தபோது, ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அஞ்சலை வாசலில் வந்து நின்றாள். உனக்கு அவளைத் தெரியும், உன் வகுப்பில் படித்த முனியம்மாவின் தாய். ஆட்களை மேய்க்கும் மண்டோருக்குக் கீழே மருந்தடிக்கும் கும்பலில் வேலை. கீழ் லயத்தில் கடைசி வீடு, பாயாவுக்கு மிக அருகில் இருந்த வீடு. அவள் பின்னால் அதே லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர்.

"டீச்சர், நாங்களும் பேசலாம்னு மண்டோர் சொன்னாரு. எப்பப் பேசணும்?"

பெரிய கிராணி கடிகாரத்தைப் பார்த்தார். "முடிஞ்சிருச்சிலா அஞ்சல. நன்றியுரையே சொல்லியாச்சு."

"யாருக்குச் சொன்னீங்க நன்றி? நான் இன்னும் ஒண்ணும் சொல்லலியே."

மண்டபம் சிரித்தது. விரிவுரையாளர், அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னதும், பேசட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். அஞ்சலை வாசலைத் தாண்டி உள்ளே வராமலேயே பேசினாள். "ஐயா, நான் கங்கோங் கீர பறிக்க தெனமும் பாயாவுல எறங்குறேன். தண்ணி என் முட்டிக்கு இருந்திச்சின்னா, கெணத்துல ஏழு கல்லு வெளிய தெரியும். கணுக்காலுக்கு எறங்கிச்சின்னா, மூணாம் நாளு பதிமூணு கல்லு தெரியும். ஒரு தடவகூட இது மாறுனதில்ல. பாயாவ நீங்க வடிச்சிட்டீங்கன்னா கெணத்துல கல்லு மட்டுந்தான் இருக்கும்."

"ஒன் முட்டி என்னா அளவுகோலா?" என்றார் பெரிய கிராணி.

"ஒங்க அளவுகோலு ஆபீசு ஆணியில தொங்குது கிராணியாரே. என் முட்டி தண்ணியில நிக்குது."

நான் மொழிபெயர்த்தேன். விரிவுரையாளர் எழுந்து வாசலுக்கே போய்விட்டார். எப்போதும் ஒரே இடத்தில்தான் இறங்குகிறாயா என்று கேட்டார். சாய்ந்த மரத்துக்குப் பக்கத்தில், எப்போதும் அங்கேதான் என்றாள். எத்தனை காலமாக? "கல்யாணம் கட்டி வந்ததுலேர்ந்து." எந்தக் கால் என்றுகூடக் கேட்டார். அதற்கு அவள், "ரெண்டு காலும் ஒரே நீளந்தான், ஐயாகிட்ட சொல்லுங்க டீச்சர்," என்றாள். அவருடைய குறிப்பேடு வேனில் மூட்டைக்குள் இருந்தது, மாணவர்கள் வேனில் இருந்து அழைத்துக்கொண்டிருந்தார்கள், மழை வேறு இறங்கத் தொடங்கியது. அவர் என்னிடம் வந்து, நான் பேசிய நாற்பது நிமிடத்தையும் விட்டுவிடுங்கள், இந்த அம்மா சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் குறிப்பில் எழுதிவிடுங்கள் என்றார். சரி என்றேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து குறிப்பை எழுதினேன். கூட்டம் நடத்தும் முறை பற்றி என்னிடம் ஒரு கையேடு இருந்தது. நன்றியுரையோடு கூட்டம் முடிகிறது, அதற்குப் பின் பேசப்படுவது கூட்டத்தில் பேசப்பட்டதாகாது என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. ஒரு பெண் வாசலில் நின்று, முடிந்துபோன கூட்டத்தைப் பார்த்துப் பேசியதை எந்தப் பத்தியில் எழுதுவது? ஆனால் இந்தக் கையேட்டை ரொம்பவும் குற்றம் சொல்ல மாட்டேன். நான் எழுதியே பார்த்தேன். என்னை நிறுத்தியது முழங்கால். துரையின் மேசைக்குப் போய், அங்கிருந்து தலைமை அலுவலகத்தில் முகம் தெரியாத ஆண்கள் கைக்குப் போகும் ஒரு ஆவணத்தில், பெயர் சொல்லி ஒரு பெண்ணின் முழங்காலை எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. 'பாதி உயரம்' என்று மாற்றிப் பார்த்தேன். எதில் பாதி என்று தெரியவில்லை. 'ஒரு பெண்மணி நிற்கும் அளவு' என்று எழுதினேன், அது அதைவிட மோசமாக இருந்தது. ஏழு கல்லையும் பதிமூன்று கல்லையும் மட்டும் எழுதினால், எதற்கு ஏழு, எதற்குப் பதிமூன்று என்பது இல்லாமல் போயிற்று. கடைசியில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுச் சுத்தமாக எழுதினேன். 'கூட்டம் மாலை ஐந்து நாற்பதுக்கு இனிதே நிறைவுற்றது.' உன் அப்பா படித்துவிட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, அச்சடித்த மாதிரி இருக்கிறது என்றார். நான் மகிழ்ச்சியடைந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

இதுவரை சொன்னது தவறு. இனிச் சொல்லப்போவதற்கு அந்தச் சொல் போதாது. அந்த வாரமே பள்ளிக்கூட வாசலில் அஞ்சலை என்னைப் பிடித்தாள். முனியம்மாவைக் கூப்பிட வந்தவள், "டீச்சர், நான் சொன்னத எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள். எழுதியாச்சு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் அகப்படவில்லை. மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், ஆமாம் என்பது சின்ன பதிலாக இருந்தது. மறுநாள் கீழ் லயத்துப் பெண்களைத் துரையின் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போக மண்டோர் ஏற்பாடு செய்திருந்தார் என்பதும், அவர்களைத் தடுத்தது அஞ்சலைதான் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. "டீச்சரே எழுதிட்டாங்க. படிச்சவங்க எழுதுனதுக்கு மேல நாம போயி கத்துனா மருவாதியா இருக்காது," என்று சொல்லி எல்லாரையும் வேலைக்கு அனுப்பிவிட்டாளாம்.

விரிவுரையாளருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். ஆறு வாரம் கழித்து அவரிடமிருந்து கடிதம் வந்தது. குறிப்பு மிக நேர்த்தியாக இருக்கிறது, நன்றி, ஆனால் அந்த அம்மாவின் முழங்காலை எங்கேயும் காணவில்லையே, வேறு தாளில் எழுதி இணைக்க மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருந்தார். அப்போது தலைமை அலுவலகத்தின் பதில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. தொழிலாளர் தரப்பில் ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை என்று அதில் ஒரு வரி இருந்ததாகப் பெரிய கிராணி என்னிடம் சொன்னார். என் குறிப்பின் தெளிவை அவர்கள் பாராட்டியதாகவும் சொன்னார். விரிவுரையாளருக்கு நான் பதில் எழுதவில்லை.

அதனால்தான் ஒன்பதாம் வரியை மேலே கொண்டுபோனேன். வரவேற்பு முடிந்த கையோடு கரையில் இருப்பவர்கள் பேசட்டும். ஆராய்ந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டுத் தங்கள் உரையைத் தொடங்கட்டும். அவர்கள் பேச்சு சற்றுக் குறையும், யாருக்கும் நட்டமில்லை. பேசுகிறவர்களை மேடைக்கு ஏற்றாதே, ஒலிபெருக்கியைக் கையில் கொடுக்காதே. அதைக் கையில் வாங்கியதும் நம் ஆட்கள் 'அனைவருக்கும் வணக்கம்' என்று ஆரம்பித்து வேறு யாரோ ஆகிவிடுவார்கள். ஆளுக்கு ஒரு காகிதம் கொடுத்து எழுதித் தரச் சொல்வதும் வேண்டாம். அவர்கள் பேசட்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் எழுதட்டும், எழுதியதை அங்கேயே அவர்களிடம் வாய்விட்டுப் படித்துக்காட்டட்டும். முழம், சாண், இடுப்பு, முழங்கால் என்று எந்த அளவில் சொன்னாலும் அந்த அளவிலேயே எழுதட்டும். மீட்டருக்கு மாற்றிக்கொள்ள உங்களிடம் ஆள் இருக்கிறார்கள். வரவேற்புரைக்கு என்னை அழைத்திருக்கிறாய், இரண்டு நிமிடம் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். குறிப்பெழுத மட்டும் என்னைக் கூப்பிடாதே. என் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது.

அஞ்சலையிடம் உண்மையைச் சொன்னாயா என்று நீ கேட்பாய். சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் அதே தோட்டத்தில் இருந்தேன், முனியம்மா ஆறாம் வகுப்பு முடிக்கும் வரை அவளுக்குப் பாடம் எடுத்தேன், அஞ்சலை ஒவ்வொரு பொங்கலுக்கும் கீரைக்கட்டு கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கீரை அப்போது எங்கிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அவள் இன்னும் லாபுவில்தான், மகள் வீட்டில் இருக்கிறாள். உன் அழைப்பிதழ்களில் ஒன்றை அவளுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கொடுக்கும்போது மற்றதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு வருவதும் வராததும் அவள் இஷ்டம்.

வாய்க்கால் அந்த ஆண்டு மழைக்கு முன்பே வெட்டி முடிக்கப்பட்டது. அடுத்த வெயிலில் சின்னக் கிணறு பிப்ரவரியிலும் பெரிய கிணறு மார்ச்சிலும் வற்றின. நிர்வாகம் லாரியில் தண்ணீர் அனுப்பியது. லாரி காலை ஏழு மணிக்கு வந்தது. பிள்ளைகள் வாளியோடு வரிசையில் நின்றதால், பள்ளி தொடங்கும் நேரம் ஏழரையிலிருந்து எட்டேகாலுக்கு மாற்றப்பட்டது.